பயாப்ஸி எடுப்பதற்கு முன்னால் வாருங்கள்: ஜீன் எக்ஸ்பிரஷன் தீசிஸ் செய்யும் பல் மருத்துவ மாணவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலை பார்க்கிறேன். நான் பல் டாக்டர் இல்லை. எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) மாணவர்களும் அவர்களுடைய கைடுகளும் கொண்டுவரும் ஆர்என்ஏ சீக்வென்சிங் டேட்டாவை (திசுவில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆர்என்ஏவை எண்ணிப் பார்க்கும் சோதனையின் முடிவை) அலசி, எந்த ஜீன் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை.

பெரும்பாலானவர்கள் என்னிடம் ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறார்கள். சாம்பிள் எடுத்து, சீக்வென்சிங் கம்பெனிக்கு அனுப்பி, பணத்தையும் கட்டி முடித்த பிறகு. அந்தக் கட்டத்தில் என்னால் செய்ய முடிவது கொஞ்சம்தான். யாரிடம் சாம்பிள் எடுப்பது என்று முடிவு செய்கிற நாளிலும், டென்டல் சேரில் அதை வெட்டி எடுக்கிற சில நிமிடங்களிலும் ஆய்வின் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரில் அதை அழித்து எழுத முடியாது. அதனால்தான் சினாப்சிஸ் (தீசிஸுக்கான முன்திட்டம்) எழுதும்போதே வாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வர முடியாதவர்களுக்கு, நேரில் வந்தால் நான் சொல்லக்கூடியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி என்ன, ஒப்பிடுவது யாரோடு

“ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸில் ஜீன் எக்ஸ்பிரஷன்” என்று தலைப்பு கொண்டுவருவார்கள். (பாக்கு போட்டு வாயின் உள்தோல் இறுகிப்போகும் நோய்தான் அந்த ஃபைப்ரோசிஸ்.) அது தலைப்பு, கேள்வி இல்லை. என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில், கேள்விக்குறியோடு எழுதுங்கள். “பாக்கு போடுகிறவர்களில் வாய் இறுகிப்போனவர்களுக்கும் இறுகாதவர்களுக்கும் கன்னத்தின் உள்தோலில் எந்த ஜீன்கள் வேறுபடுகின்றன?” இப்படி எழுதிய உடனே யாரை யாரோடு ஒப்பிட வேண்டும் என்பது தானாக வந்து விழுந்துவிடும். பாக்கு போட்டும் நோய் வராதவர்கள்தான் உங்கள் கன்ட்ரோல், அதாவது ஒப்பிடும் குழு.

வழக்கமாக நடப்பது வேறு. கன்ட்ரோல் வேண்டுமென்றால் கடைவாய்ப் பல் அறுவை சிகிச்சைக்கு வரும் காலேஜ் பையன்களிடம் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எடுப்பது எளிது, எத்திக்ஸ் கமிட்டியிலும் கேள்வி குறைவு. ஆனால் நோயாளி ஐம்பத்தைந்து வயது, முப்பது வருடமாக வெற்றிலை பாக்கு. கன்ட்ரோல் இருபது வயது, பாக்கைத் தொட்டதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஜீன்கள் வேறுபடும். அதில் எது வயதால் வந்தது, எது பாக்கால் வந்தது, எது நோயால் வந்தது? எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே முடிச்சாகக் கிடக்கும்.

நம்ம பகுதியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருக்கும் பெண்களில் வெற்றிலை போடுகிறவர்களும் உண்டு. புகையிலையே சேர்க்காத வெற்றிலை பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே பாக்கு, புகையிலை, புகைப்பது, பீடி சுற்றுவது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். “பழக்கம்: உண்டு / இல்லை” என்று ஒரே கட்டம் போட்ட படிவம் எனக்கு உதவாது.

கேட்கும் விதமும் முக்கியம். ஓபியில் ஒரு ஆச்சியிடம் “புகையிலை பழக்கம் உண்டா?” என்று கேட்டால், “அதெல்லாம் இல்ல தாயி” என்று வரும். அதே ஆச்சியிடம் “வெத்தலை போடுவியளா ஆச்சி? கூட என்ன வச்சுப் போடுவிய?” என்று கேட்டுப் பாருங்கள். “பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு பொயில” என்பார்கள். ஆச்சி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது வெற்றிலையின் ஒரு பகுதி. எத்தனை வயதில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்தக் கன்னத்தில் அடக்கிவைப்பார், ராத்திரி தூங்கும்போதும் வாயில் இருக்குமா என்பதையும் கேளுங்கள். எந்தக் கன்னம் என்ற ஒரு தகவல் பல நேரம் டேட்டாவையே விளங்கவைத்துவிடும்.

இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கன்னத்தின் உள்தோலும் ஈறும் ஒரே வாயில் இருந்தாலும் வேறுவேறு திசுக்கள். கன்னத்தில் மேல்தோல் புரதங்களான கேரட்டின் 4, கேரட்டின் 13 ஓங்கியிருக்கும். ஈறிலும் மேலண்ணத்திலும் கேரட்டின் 1, கேரட்டின் 10 வரும். நோயாளியிடம் கன்னத்திலும் கன்ட்ரோலிடம் ஈறிலும் எடுத்துவிட்டு, கேரட்டின் ஜீன்கள் மாறியிருப்பதை நோயின் அடையாளம் என்று எழுதிய தீசிஸ்களைப் பார்த்திருக்கிறேன். உழைப்பெல்லாம் வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

பயாப்ஸிக்கு முன் ஜியோவைத் திறங்கள்

அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ 2000இலிருந்து நடத்திவரும் ஜியோ என்ற பொதுச் சேமிப்பில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் போட்டுவைத்த ஜீன் எக்ஸ்பிரஷன் டேட்டா கிடக்கிறது. காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஜிஎஸ்இ30784 என்று தேடினால் 167 வாய்ப்புற்றுநோய், 17 டிஸ்ப்ளேசியா (புற்றாக மாறக்கூடிய செல் மாற்றம்), 45 இயல்பான வாய்த்திசு சாம்பிள்கள் வரும். ஜிஎஸ்இ16134 பீரியோடான்டைட்டிஸ் (ஈறு நோய்). 120 பேரிடம் எடுத்த 310 ஈறு சாம்பிள்கள், அவற்றில் 241 நோயுற்ற இடங்கள், 69 ஆரோக்கியமான இடங்கள்.

உங்களுக்குப் பிடித்த ஜீன் இந்தப் பெரிய தொகுப்பில் அசையவே இல்லை என்றால், பத்துப் பேரை வைத்து நீங்கள் அதைத் தேடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அசைகிறது என்றால் எவ்வளவு, ஆளுக்கு ஆள் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பது தெரியும். எத்தனை சாம்பிள் தேவை என்ற கணக்கை அதிலிருந்தே போடலாம். பணம் இல்லாத மாணவர் ஒருவர் முழு தீசிஸையும் இப்படிப் பொது டேட்டாவை வைத்தே நேர்மையாகச் செய்ய முடியும். அதை இரண்டாந்தர வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரைகுறையாகச் சேர்த்த புதிய டேட்டாவைவிட, ஒழுங்காகச் சேர்த்த பழைய டேட்டாவிடம் கேட்ட நல்ல கேள்வி மேலானது.

அந்த ஈறு டேட்டாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 310 சாம்பிள் என்றால் 310 ஆள் இல்லை. ஒரே ஆளிடம் நோயுற்ற ஈறும் நல்ல ஈறும் எடுத்திருக்கிறார்கள். வயது, பழக்கம், சர்க்கரை, மரபு எல்லாம் அந்த இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உங்களால் முடியும் என்றால் இந்த வழியில் போங்கள். அலசும்போது மாடலில் நோயாளியின் எண்ணையும் சேர்க்க வேண்டும்: “~ நோயாளி + நிலை”. அதை விட்டுவிட்டு எல்லாம் தனித்தனி ஆட்கள் என்பதுபோல் கணக்குப் போட்டால் முடிவு பிசகிவிடும்.

எத்தனை பேர்? மூன்று போதும் என்று எங்கேயோ படித்துவிட்டு வருகிறார்கள். ஈஸ்ட்டில் 2016இல் செய்த ஒரு விரிவான சோதனையில், ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 6, சிறிய மாற்றங்களையும் பிடிக்க வேண்டுமென்றால் 12 என்று சொன்னார்கள். அது ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரி வளர்த்த ஈஸ்ட். நம் நோயாளிகள் ஒருவர் விவசாயி, ஒருவர் பஸ் டிரைவர், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தசோகை. பன்னிரண்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரே ஆளின் ஆர்என்ஏவை மூன்று முறை ஓட்டுவது மூன்று ஆளுக்குச் சமம் ஆகாது. காசு குறைவென்றால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ரீட் (கருவி படிக்கும் ஆர்என்ஏ துண்டு) எண்ணிக்கையைக் குறைத்து ஆட்களைக் கூட்டுங்கள். திசுவில் ஜீன் அளவை ஒப்பிட ஒரு சாம்பிளுக்கு இரண்டு மூன்று கோடி ரீட் போதும்.

சேரில் நடப்பது

ஆர்என்ஏ பதநீர் மாதிரி. உடன்குடிப் பக்கம் கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். திசுவை வெட்டிய கணத்திலிருந்து அதிலுள்ள ஆர்என்ஏஸ் நொதிகள் ஆர்என்ஏவைத் தின்னத் தொடங்கிவிடுகின்றன. எச்சிலிலும் அந்த நொதிகள் நிறைய. உங்கள் கைத்தோலிலும் உண்டு.

ஆகவே டியூப் முதலில் தயாராக இருக்க வேண்டும், ஊசி பிறகு. ஆர்என்ஏவைக் கெடாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் கரைசலைத் திசுவைப் போல ஐந்து மடங்காவது ஊற்றி, எண் எழுதி, ட்ரேயில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசியைப் புண்ணுக்குள்ளேயே போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள். எல்லா நோயாளிக்கும் கன்ட்ரோலுக்கும் அதே மருந்து, அதே அளவு. சுட்டு வெட்டும் காட்டரி, லேசர் வேண்டாம், பிளேடு அல்லது பஞ்ச். வெட்டியதும் சுத்தமான சலைனில் ஒரு முறை ரத்தத்தைக் கழுவி, டியூபில் போடுங்கள். துண்டு ஏதாவது ஒரு பக்கத்தில் அரை சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமனாக இருக்க வேண்டும். அதைவிடத் தடித்தால் கரைசல் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும்.

நோயாளியின் நோயறிதலுக்கு எடுத்த திசுவில் ஆய்வுக்குப் பங்கு கேட்பதாக இருந்தால், பேத்தாலஜிக்கு வேண்டியது முதலில் ஃபார்மலினுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால்தான் நமக்கு. துணுக்கு சிறியதாக இருந்தால் அந்த நோயாளியை ஆய்விலிருந்து விட்டுவிடுங்கள். இதில் எந்தச் சமரசமும் கிடையாது. அவர் வந்தது தன் வாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள.

ஆழத்தையும் கவனியுங்கள். கன்னத்தில் கொஞ்சம் ஆழமாகப் போனால் பக்சினேட்டர் தசை வரும். நாக்கில் கேட்கவே வேண்டாம், மேல்தோலுக்குக் கீழே எல்லாம் தசைதான். டேட்டாவில் சிகேஎம், ஏசிடிஏ1, மயோகுளோபின் ஆகிய மூன்றும் எகிறிக் கிடந்தால், அந்த சாம்பிளில் தசை வந்திருக்கிறது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எம்யூசி7, எம்யூசி5பி எகிறினால் சிறு உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்று கூடவே வந்திருக்கும். புற்று நாக்கிலிருந்தும் கன்ட்ரோல் கன்னத்திலிருந்தும் எடுத்தால் “புற்றுநோயில் தசை ஜீன்கள் கூடுகின்றன” என்று அர்த்தமில்லாத முடிவு வரும். வெட்டிய துண்டிலிருந்து ஒரு மெல்லிய பகுதியை எச் அண்ட் ஈ ஸ்லைடாக்கி (சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது), எபிதீலியம் (மேல்தோல்) எவ்வளவு, இணைப்புத் திசு எவ்வளவு என்று பேத்தாலஜி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸில் எபிதீலியம் மெலிந்து கொலாஜன் பெருகியிருக்கும். அப்போது கேரட்டின் ஜீன் குறைவது செல்லுக்குள் ஏதோ மாறியதாலா, எபிதீலியமே குறைவாக இருந்ததாலா என்று கேட்டால் பதில் சொல்ல அந்த ஸ்லைடு வேண்டும்.

பல் கூழ் வேலை என்றால் இன்னும் கவனம். ஆர்த்தோ (பல் சீரமைப்பு) சிகிச்சைக்காகப் பிடுங்கிய ப்ரீமோலாரில் கிடைக்கும் கூழ் மிகக் கொஞ்சம். பல்லைப் பிளக்கும் நேரத்தில் பர் (பல்லை அறுக்கும் முனை) சூடேறாமல் குளிர்ந்த சலைன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எச்சில் சாம்பிளில் மனித ஆர்என்ஏவோடு பாக்டீரியா ஆர்என்ஏ ஏராளமாக வரும். ரீட்களில் பெரும் பங்கு மனித ஜீனோமில் ஒட்டாமல் போகலாம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில், வாசித்தால் புரிகிற தமிழில் இருக்கட்டும். இரண்டு விஷயங்கள் அதில் கட்டாயம் வேண்டும்: உங்கள் திசுவிலிருந்து மரபணுத் தகவல் எடுக்கப்படும், பெயர், முகவரி நீக்கிய அந்தத் தகவல் மற்ற ஆய்வாளர்களும் பார்க்கும்படி பொதுச் சேமிப்பில் வைக்கப்படும். இரண்டாவது வரி இல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு டேட்டாவைப் பொதுவில் வைக்க வழியில்லை. பல ஜர்னல்கள் டேட்டாவை வைக்காமல் கட்டுரையை ஏற்பதில்லை. வீட்டுக்குப் போன ஆச்சியைத் தேடி மறுபடியும் ஊர் ஊராகப் போக முடியாது.

ஃப்ரீசர், கூரியர்

ஆர்என்ஏலேட்டரில் போட்ட திசு 37 டிகிரியில் ஒரு நாள், 25 டிகிரியில் ஒரு வாரம், 4 டிகிரியில் ஒரு மாதம் தாங்கும். “அறை வெப்பநிலையில் ஒரு வாரம்” என்று பெட்டியில் போட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. சித்திரை மாதம் நம்ம ஊர் ஓபி அறை அது இல்லை. எடுத்த உடனே சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் கரைசலை வடித்து மைனஸ் 80க்கு மாற்றுங்கள். ஊறவிடாமல் நேரே உறைய வைக்கக் கூடாது.

ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஒரே நோயாளியின் திசுவை இரண்டு டியூபாகப் பிரித்து, முடிந்தால் இரண்டு ஃப்ரீசர்களில் வையுங்கள். டியூபில் பேனா மை அழியும். பார்கோடு லேபிள் கிடைக்காவிட்டால் ஃப்ரீசருக்கென்றே வரும் மார்க்கரால் எழுதி, மூடியிலும் உடம்பிலும் இரண்டு இடத்தில் எண் போடுங்கள். நோயாளியின் பெயர் டியூபில் வேண்டாம்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ அனுப்பும்போது திங்கள் அல்லது செவ்வாய் காலையில் அனுப்புங்கள். வியாழன் சாயங்காலம் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கும். டிரை ஐஸ் நினைத்த நேரத்தில் கிடைக்காது, முதலிலேயே சொல்லிவையுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் அடைக்கவும் கூடாது. வாயுவாக மாறிக்கொண்டே இருப்பதால் பெட்டி வெடிக்கும். தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தவிருங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை, சென்னையில் இருப்பவருக்கு அது தெரியாது.

கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

ஆர்என்ஏ எவ்வளவு முறியாமல் இருக்கிறது என்று காட்டும் ரின் மதிப்பை ஒவ்வொரு சாம்பிளுக்கும் எழுத்தில் கேளுங்கள். 1 முதல் 10 வரை போகும் அளவு அது. 7க்கு மேல் என்றால் நிம்மதி. 7க்குக் கீழே வந்தால், ஆர்என்ஏவின் வால் நுனியைப் பிடித்து எடுக்கும் பாலி-ஏ முறை வேண்டாம். முறிந்த ஆர்என்ஏவில் ஒரு நுனி மட்டுமே பிடிபடும். ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறைக்கு மாறலாம். நோயாளிகளுக்கு ஒரு முறை, கன்ட்ரோலுக்கு ஒரு முறை என்று மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஓரல் பேத்தாலஜி துறை அலமாரியில் வருடக்கணக்கான பாரஃபின் பிளாக்குகள் (மெழுகில் பதித்த பழைய திசு) இருக்கும். அதையும் பயன்படுத்தலாம். அங்கே ரின் பார்த்துப் பயனில்லை. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமான துண்டுகள் எத்தனை சதவீதம் என்ற டிவி200 அளவைக் கேளுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காசைச் செலவழிக்க வேண்டாம்.

இனி ஆய்வையே கவிழ்க்கிற ஒரு விஷயம். நோயாளிகள் எல்லோரையும் மார்ச்சில் ஒரு பேட்ச், கன்ட்ரோல் எல்லோரையும் செப்டம்பரில் ஒரு பேட்ச் என்று ஆர்என்ஏ பிரித்து அனுப்பியவரின் டேட்டா ஒன்று என்னிடம் வந்தது. பிசிஏ படத்தில் (ஒத்த சாம்பிள்களை அருகருகே காட்டும் படம்) இரண்டு கூட்டமும் அவ்வளவு அழகாகப் பிரிந்து நின்றன. அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அது நோயா, கிட் மாறியதா, ஆள் மாறியதா என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. பேட்ச் திருத்தும் கருவிகள் உண்டே என்று கேட்டார். இரண்டு பேட்சிலும் இரண்டு வகை ஆட்களும் கலந்திருந்தால்தான் அந்தக் கருவி வேலை செய்யும். இங்கே பேட்சைத் திருத்தினால் நோயும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஒவ்வொரு பேட்சிலும் நோயாளியும் கன்ட்ரோலும் பாதிப் பாதி கலந்து இருக்கட்டும். வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாலே போதும். யார், எந்தத் தேதி, எந்த கிட், எந்த ஆள் பிரித்தார் என்பதையும் எழுதிவையுங்கள்.

டேட்டா வந்ததும் ரீட்கள் அடங்கிய ஃபாஸ்ட்கியூ கோப்புகளோடு, கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் எம்டி5 பட்டியலையும் கேட்டு வாங்கி, காப்பி ஆன பிறகு சரிபாருங்கள். பாதியில் நின்றுபோன கோப்பும் பார்க்க முழுசாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரம் பார்க்க ஃபாஸ்ட்கியூசி, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க மல்டிகியூசி. ஜீனோமில் பொருத்த ஸ்டார் நல்ல கருவிதான், ஆனால் மனித ஜீனோமுக்கு 30 ஜிபி அளவுக்கு மெமரி கேட்கும். உங்களிடம் 16 ஜிபி லேப்டாப்தான் என்றால் சால்மன் போதும். கமாண்ட் லைன் பயமாக இருந்தால் கேலக்ஸி என்ற இணையதளத்தில் பிரவுசரிலேயே இலவசமாகச் செய்யலாம். அப்புறம் இரண்டு குழுக்களின் ஜீன் அளவை ஒப்பிட ஆர் மொழியில் டிஇசீக்2. அதற்குக் கொடுக்க வேண்டியது மூல எண்ணிக்கை, அதாவது ஒவ்வொரு ஜீனிலும் விழுந்த ரீட்களின் எண்ணிக்கை. டிபிஎம், எஃப்பிகேஎம் என்று ஏற்கெனவே சரிக்கட்டிய எண்ணைக் கொடுத்தால் அதன் கணக்கு தப்பாகிவிடும்.

நான் எந்த டேட்டாவைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது ஆண், பெண் சரியாக இருக்கிறதா என்று. பெண்களில் எக்ஸிஸ்ட் ஜீன் உயர்ந்திருக்கும். ஆண்களில் ஆர்பிஎஸ்4ஒய்1, டிடிஎக்ஸ்3ஒய் இருக்கும். படிவத்தில் பெண் என்று போட்ட சாம்பிளில் ஒய் ஜீன்கள் நிமிர்ந்து நின்றால் எங்கேயோ டியூப் மாறியிருக்கிறது. புற்றுக் கட்டியில் சில நேரம் ஒய் குரோமோசோமே தொலைந்துபோவதுண்டு. அதனால் ஒரு ஜீனை வைத்து முடிவு கட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். டியூப் மாறியது உறுதியானால் ஃப்ரீசர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஊகித்து மாற்றிப் போடக் கூடாது.

பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) பற்றி ஒன்று. மனிதனுக்குப் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொன்றுக்கும் 0.05 என்று கோடு போட்டால், நோய்க்கும் நலத்துக்கும் ஒரு வேறுபாடும் இல்லாவிட்டாலும் 1,000 ஜீன்கள் “சிக்னிஃபிகன்ட்” ஆகிவிடும். அதனால் இத்தனை ஜீன்களைச் சோதித்ததற்காகத் திருத்திய பி மதிப்பை மட்டும் பாருங்கள். பென்ஜமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995இல் கொடுத்த முறையை டிஇசீக்2 தானாகவே போட்டுத் தருகிறது. திருத்திய பிறகு ஒரு ஜீனும் மிஞ்சவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். கைடுக்கும் நான் வந்து விளக்கத் தயார். திருத்தாத பி மதிப்பை எடுத்துப் போட்டு எப்படியாவது பட்டியல் ஒன்று தரச் சொல்லிச் சிலர் கேட்பதுண்டு. நான் தருவதில்லை.

பட்டியலை எக்ஸலில் திறக்கும்போது செப்ட்1, மார்ச்1 போன்ற ஜீன் பெயர்கள் தேதியாக மாறிவிடும். இந்தத் தொல்லையால்தான் 2020இல் அந்த ஜீன்களின் பெயரையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள். பழைய அன்னோட்டேஷனில் (ஜீன் விவரப் பட்டியலில்) பழைய பெயர்தான் இருக்கும். ஆகவே ஜீனின் அடையாளமான என்சம்பிள் எண் உள்ள பத்தியை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

கியூபிசிஆர், கடைசிக் காரியங்கள்

சரிபார்ப்புக்கு கியூபிசிஆர் (சில ஜீன்களை மட்டும் தனித்தனியாக அளக்கும் சோதனை) செய்யச் சொல்லி எக்ஸாமினர் கேட்பார். சீக்வென்சிங் செய்த அதே ஆர்என்ஏவில் திரும்பச் செய்தால் கருவி சரியாக ஓடியது என்றுதான் நிரூபணமாகும். புதிதாகச் சேர்த்த பத்து இருபது பேரில் செய்தால்தான் உங்கள் முடிவு மற்றவர்களுக்கும் பொருந்துகிறது என்று தெரியும். எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, சில நோயாளிகளை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள்.

ஒப்பீட்டு ஜீனாக (மற்ற ஜீன்களை அளக்க அளவுகோலாக வைப்பது) கண்ணை மூடிக்கொண்டு ஜிஏபிடிஎச் எடுக்காதீர்கள். அது சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் உள்ள நொதி. புற்றுத் திசுவில் அந்தப் பாதையே மாறிக் கிடக்கும். நோயாளி, கன்ட்ரோல் இருவரிலும் அசையாத ஜீன்கள் எவை என்று உங்கள் சீக்வென்சிங் டேட்டாவிலேயே தேடலாம். இரண்டு மூன்று எடுத்துச் சராசரி போடுங்கள். சிடி மதிப்பில் (சிக்னல் தெரிய எத்தனை சுற்று ஆயிற்று என்ற எண்) 1 வித்தியாசம் என்றால் அளவில் இரண்டு மடங்கு. ஆகவே ஒப்பீட்டு ஜீன் ஒரு சிடி நகர்ந்தாலே உங்கள் “இரண்டு மடங்கு கூடியது” என்பது காணாமல் போய்விடும். கட்டுரை எழுதும்போது, கியூபிசிஆர் முடிவுகளை வெளியிடுவதற்கென்று 2009இல் வந்த மைக்கி வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது கேட்கும் விவரங்களை எல்லாம் கொடுங்கள்.

டேட்டாவைப் பொதுவில் வைக்கும் வேலையைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு தொடங்கினால் திண்டாட்டம்தான். ஜியோவில் மூலக் கோப்புகள், எண்ணிக்கை அட்டவணை, சாம்பிள் விவரம் மூன்றையும் முன்பே ஏற்றி, வெளியிடும் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். 2022 முதல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையமும் இயங்குகிறது. சாம்பிள் விவரத்தில் வயது, பால், இடம், பாக்கு, புகையிலை, பேட்ச் எல்லாம் இருக்கட்டும். ஓபி எண், ஊர்ப் பெயர், போன் எண் கூடாது. சின்ன ஊர் என்றால் ஊர்ப் பெயரும் வயதுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சமான ஆர்என்ஏவைத் தூக்கி எறியாமல் எண்ணிட்டு, பட்டியலோடு துறையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். உங்கள் ஆர் ஸ்கிரிப்டையும், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பையும் அதே பென் டிரைவில் போட்டு, கைடிடம் ஒன்று, என்னிடம் ஒன்று கொடுங்கள். ஒப்புதல் கொடுத்த நோயாளியின் படிவத்தில் அடுத்த ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால், எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியோடு அடுத்த வருடம் வரும் ஜூனியர் அங்கிருந்தே தொடங்கலாம். அவருக்கு இன்னொரு ஆச்சியின் கன்னத்தில் பிளேடு வைக்க வேண்டிய அவசியம் வராது.